ஒன்பதாம் லெவல் மகிழ்ச்சி

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். வயது இருபத்தெட்டு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். கோலார் தங்கவயலில் பிறந்தவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. எங்கள் ஊரில் சுரங்கமே ரிட்டயர் ஆகிவிட்டது, அதற்கு யாரும் மாலை போட்டு வாட்ச் கொடுத்து வழியனுப்பவில்லை. எனக்கு ஆபீஸில் கேக் வெட்டினார்கள். அந்த வகையில் நான் முன்னேறிய தலைமுறை.

நான் ஓய்வு பெற்ற தொழிலுக்குப் பெயர் கலப்புமுறை ஆய்வு. அப்படி ஒரு தொழில் இருக்கிறதா என்று என் அம்மா இன்னும் கேட்கிறாள். இருக்கிறது. ஒரு விஷயத்தை ஊர் முழுக்கக் கேள்வித்தாள் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். அதே விஷயத்தைச் சிலரிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேசியும் பார்க்க வேண்டும். பிறகு எண்ணியதையும் பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் சேர்ந்து என்ன சொல்கிறது என்று அறிக்கை எழுத வேண்டும். கேட்க எளிது. கல்யாணத்தில் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதுகூடக் கேட்க எளிதுதான்.

இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. அங்கே இன்டர்வியூவில் யாரும் உண்மை பேசுவதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது. இதை மாரிகுப்பம் ரயிலில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ரயில்வேயைக் கேளுங்கள்.

எழுதக் காரணம், என் காலேஜ் ஜூனியர் ஒருத்தி வாட்ஸாப்பில் அனுப்பிய மெசேஜ். “அக்கா, நீங்க மிக்ஸட் மெத்தட்ஸ்ல பெரிய ஆளாமே, ஒரு கைடு மாதிரி எழுதித் தாங்க. அப்புறம் இப்போ சாஃப்ட்வேரே பேட்டியைக் கேட்டு, டைப் பண்ணி, அர்த்தமும் பிரிச்சிக் குடுத்துடுதாம். ஆளே தேவையில்லையாம். நிஜமா?”

அந்த அற்புத சாஃப்ட்வேரில் என் பழைய பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பேட்டியில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “வயசு பூரா ஷாஃப்ட்டுலயே பூட்ச்சிமா” என்கிறார். சுரங்கத்துக்குள் இறங்கும் குழியைச் சொல்கிறார். சாஃப்ட்வேர் டைப் அடித்தது: “வயசு பூரா சாப்பாட்டிலேயே போச்சு அம்மா.” பக்கத்தில் தானாகவே ஒரு குறிப்பும் போட்டது: “உணவு நிலை – நிறைவு.” ஆகவே ஜூனியர்களே, உங்கள் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் பேட்டி கொடுக்கிறவருக்குத்தான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எம்.எஸ்.டபிள்யூ.வில் ஆராய்ச்சி முறை என்று ஒரு பேப்பர். வாத்தியார் போர்டில் மூன்று படம் போட்டார். முதலில் நம்பர், பிறகு பேச்சு. முதலில் பேச்சு, பிறகு நம்பர். இரண்டும் ஒரே நேரத்தில். நடுவில் அம்புக்குறிகள். பரீட்சையில் நானும் அம்புக்குறி போட்டேன், பாஸ் ஆனேன். பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அம்புக்குறி போட்டவர்களில் யாருமே அந்த அம்பின் மேல் நடந்து பார்த்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

நடந்து பார்த்தவர் ஒரே ஒருவர், எங்கள் தலைவர் மோகன் சார். யாரையும் திட்ட மாட்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்போம். அறிக்கையைக் கொடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். முடிவை முதலில் படித்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று திருட்டு வண்டியின் நம்பர் தேடும் போலீஸ்காரர் மாதிரி பின்னால் நடந்து வருவார். இடது பக்கம் எண்ணியது, வலது பக்கம் ஆட்கள் சொன்னது என்று ஒரே அட்டவணையாகப் போட்டுக் கொண்டு போக வேண்டும். ஒரு இரும்பு ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைப்பார். வலது பக்கத்தில் இருப்பதை, பேட்டி எடுத்தவரே சத்தமாகப் படிக்க வேண்டும். சும்மா படித்தால் போதாது, சொன்னவர் சொன்ன மாதிரியே படிக்க வேண்டும். நான் இருமலையும் சேர்த்துப் படிப்பேன். இருமல் முடியும்வரை ஸ்கேல் நகராது. பிறகு மெதுவாகக் கேட்பார்: “இது ரெண்டும் எங்கம்மா சந்திக்குது?”

எல்லா வரிக்கும் இதே கேள்வி. ஒருநாள் பொறுமை போய், “பங்காருப்பேட்டையில சார்” என்றேன். எங்கள் ஊரிலிருந்து வரும் கிளைப்பாதை அங்கேதான் மெயின் லைனைத் தொடுகிறது. சார் யோசித்தார். “கரெக்ட்மா. ஆனா உன் பிராஞ்ச் லைன் வண்டி வந்து சேர்றதுக்குள்ள மெயின் லைன் எக்ஸ்பிரஸ் கிளம்பிப் போயிடுச்சே. உன் ஆளுங்கல்லாம் பிளாட்பாரத்துல நிக்கிறாங்க பாரு” என்று அட்டவணையைக் காட்டினார். நம்பர் அத்தியாயம் முடிவு வரைக்கும் போயிருந்தது. பேச்சு அத்தியாயம் தனியாக, எதனோடும் ஒட்டாமல் நின்றுகொண்டிருந்தது. நாட்டில் முக்கால்வாசி கலப்புமுறை அறிக்கைகளின் கதி இதுதான். இரண்டு அறிக்கையை ஒரே பைண்டிங்கில் போட்டால் கலப்பு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஆட்கள் சொன்னதை எப்படி மேற்கோள் காட்டுவது என்ற உயர்ந்த கலையை என் முதல் வருடத்திலேயே கற்றேன். பேத்தமங்களா பக்கத்தில் கழிப்பறைத் திட்டம் ஒன்றைப் பற்றிய ஆய்வு. ஒரு அம்மா சொன்னது: “கக்கூசு நல்லாத்தான் கீது. தண்ணிதான் இல்ல.” அறிக்கையில் அச்சாகி வந்தது: “கக்கூசு நல்லாத்தான் கீது.” அதுவும் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், பக்கத்தில் ஒரு பூவோடு. எங்கள் தங்கவயலுக்கே குழாயில் வந்த அந்த ஊர் ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது பூ.

இரண்டாவது வாக்கியத்தை வெட்டியவன் விக்ரம். எங்கள் ஆபீஸின் நம்பர் டீம் தலைவன், பெங்களூர்ப் பையன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், இருபது வயது பெரியவன் மாதிரி பேசுவான். “நவீனா, நம்பர்தான் இட்லி. உங்க டீம் சட்னி. சட்னி கொஞ்சமா இருந்தாத்தான் டேஸ்ட்” என்பான். “சட்னி இல்லாம உன் இட்லியை எவன்டா முழுங்குவான்?” என்பேன். இப்படி இரண்டு முறைகளையும் ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தோம்.

இனி கஷ்டமான கேஸ்.

தங்கவயலில் எங்கள் பகுதியான மாரிகுப்பத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு வேன் வரும். ஊர் வைத்த பெயர் மூச்சு வண்டி. உள்ளே ஒரு நர்ஸ், நெபுலைசர், ஆக்ஸிஜன். சுரங்கத்தில் பாறை துளைத்து நெஞ்சில் தூசி படிந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து, மாஸ்க்கை மாட்டி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போயும் இதே வைத்தியம் செய்துகொள்ளலாம்தான். திரும்பி வருவதற்குள் ஏற்றிய மூச்செல்லாம் ஆட்டோவிலேயே செலவாகிவிடும்.

வேனுக்குப் பணம் போட்டது ஒரு அறக்கட்டளை. அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேனை இங்கேயே ஓட்டுவதா, வேறு ஊருக்கு மாற்றுவதா? நேரில் வந்து அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். ஆனால் அது ஆராய்ச்சி ஆகாதே! எங்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய போர்டு மீட்டிங்குக்கு முன் அறிக்கை வேண்டும்.

சார் போட்ட திட்டம் மூன்றாவது படம், இரண்டும் ஒரே நேரத்தில். விக்ரமின் டீம் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போகும். என் டீம் சிலரிடம் மட்டும் உட்கார்ந்து பேசும். கடைசியில் சேர்க்கும்வரை இரண்டு டீமும் தங்களுக்குள் பேசக் கூடாது, ஒருவர் கருத்து மற்றவர் மேல் ஒட்டிவிடக் கூடாது என்பது சாரின் சட்டம். எனவே நம்பர் டீம் பையன்கள் என்னைப் பார்த்தால் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வேறு லைனுக்குள், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அடுத்த வீட்டு வரிசைக்குள், திரும்பிவிடுவார்கள். என் சொந்த ஊரில், என் சொந்தத் தெருவில்.

நான் பேசியவர்களில் ஒருவர் முனிரத்தினம் மாமா. சொந்தமில்லை, எங்கள் லைனுக்கு அடுத்த லைன். பூமிக்கடியில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்தவர். புத்தர் படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றித்தான் உட்காருவார். நிமிர்ந்தால் மூச்சு வராது. ஒரு வாக்கியத்தை மூன்று தவணையில் சொல்வார். “வேன் வர்ற அன்னிக்கு... நான் மனுசன். மத்த நாளு... நான் பம்பு.” பக்கத்தில் அவர் மனைவி சரசா அத்தை. “பம்புன்னா தண்ணியாச்சும் வரும்” என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமலாகிவிட்டது. அத்தை முதுகைத் தேய்த்தபடியே என்னிடம் கேட்டாள்: “அந்த வேன நிறுத்தப் போறாங்களாமே. நீதான் எழுதப் போறியா? ஒயுங்கா எழுதும்மா.”

சேர்க்கும் நாள் வந்தது. சார், ஸ்கேல், அட்டவணை, நாங்கள் இருவர். நம்பர் டீமின் கேள்விகளில் பெரிய கேள்வி, ஏணிக் கேள்வி. உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். ஒரு ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், பத்தாவது படி மிகச் சிறந்த வாழ்க்கை, அடியில் இருப்பது மிக மோசம், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? எங்கள் பெரியவர்கள் வானத்தில் நின்றிருந்தார்கள். விக்ரம் சுருக்க அறிக்கைக்குத் தலைப்பே போட்டு வைத்திருந்தான்: “தங்கவயலில் பொன்னான மனநிலை.” கீழே பரிந்துரை: “நோக்கம் நிறைவேறியது. வாகனத்தைத் தேவை அதிகமுள்ள இடத்துக்கு மாற்றலாம்.”

சார் ஸ்கேலை வைத்தார். முனிரத்தினம் மாமா. இடது பக்கம், ஒன்பது. வலது பக்கத்தை நான் படித்தேன், தவணை தவணையாக. “மத்த நாளு... நான் பம்பு.”

“தாத்தா சந்தோஷமா மூச்சு வாங்கறாரு” என்றான் விக்ரம்.

அடுத்த வரி. மூச்சுக்கோளாறு லேசாக மட்டும் இருந்த ஒரு பெரியவர். “எனக்கு இன்னா கொறச்சல், டெய்லி ராபர்ட்சன்பேட்ட வரைக்கும் நடந்து பூட்டு வர்றேன்” என்றிருந்தார். இடது பக்கம், இரண்டு.

அடுத்தது, ராத்திரி படுக்கவே முடியாதவர். எட்டு.

ஸ்கேல் நின்றுவிட்டது. விக்ரமுக்கு விளக்கம் தயாராக இருந்தது. “சார், இந்தப் பேட்டி டீம் எப்பவும் அழறவங்களாப் பார்த்துத்தான் மைக்கை நீட்டுவாங்க. நாம எவ்ளோ பேர்கிட்ட கேட்டிருக்கோம், இவங்க எவ்ளோ பேர்கிட்ட? சட்னிக்காக இட்லியை மாத்த முடியுமா?”

“அதே ஆளுங்கதான்டா!” என்றேன். “உன் டேப்லெட்ல சிரிச்சவருதான் என் ரெக்கார்டர்ல இருமுறாரு.”

சார் ஸ்கேலை மேசையில் வைத்தார். “ரெண்டும் சந்திக்கலைன்னா மூணு வழி இருக்கு. ஒரு பக்கம் பொய்னு சொல்லலாம். ரெண்டும் உண்மைதான்னு வழவழன்னு எழுதலாம். இல்லைன்னா திரும்பப் போய்க் கேக்கலாம். முதல் ரெண்டையும் இந்த ஏசி ரூம்லயே முடிச்சிடலாம்” என்றார். பிறகு எழுந்து ஏசியை அணைத்தார். “நாளைக்கு வேன் வர்ற நாள்தானே? ரெண்டு பேரும் போங்க.”

விக்ரம் ரயிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தான். மாரிகுப்பத்தில் இறங்கியதும், “லாஸ்ட் ஸ்டாப்பா? இதுக்கு மேல டிரெயினே போகாதா?” என்று கேட்டான். “இதுக்குக் கீழதான் போகும். அதையும் மூடிட்டாங்க” என்றேன்.

வேன் நின்றிருந்தது. முனிரத்தினம் மாமா முறைக்காகக் காத்து பெஞ்சில் குனிந்திருந்தார். அத்தை பக்கத்தில். நான் விக்ரமிடம் சொன்னேன்: “உன் பசங்க கேட்ட மாதிரியே நீ கேளு. நான் வாயே திறக்க மாட்டேன்.” அவன் டேப்லெட்டைத் திறந்து, எழுதியிருந்ததை எழுதியபடியே படித்தான்.

“ஐயா, நீங்கள் தற்போது எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்?”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “படியா?”

“இன்னா படி?” என்றாள் அத்தை. “ரேசன்ல படி கணக்கு எப்பவோ பூட்ச்சே. இப்ப கிலோதான தர்றான்?”

விக்ரம் என்னைப் பார்த்தான். நான் வேனின் டயரைப் பார்த்தேன். அவன் தன் டீம் பையனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். “மஞ்சு, மாரிகுப்பத்துல ஏணிக் கேள்வியை நீ எப்படிக் கேட்டே?”

“சார், படின்னா இவங்களுக்கு அரிசி ஞாபகம் வருது சார். டைம் வேஸ்ட். அதனால நாங்கல்லாம் ‘லெவல்’னு மாத்திட்டோம். ‘ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எந்த லெவல்ல கீறீங்க?’ன்னு கேட்டா டக்குனு நம்பர் சொல்லிட்டாங்க சார். சூப்பர் ரெஸ்பான்ஸ்! பெரியவங்களுக்கு லெவல்னா ரொம்பப் பிடிக்குது சார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் லெவல். மேலேயிருந்து எண்ணுவார்கள். ஒன்று என்றால் தரைக்குப் பக்கத்தில், கொஞ்சம் காற்று உண்டு. நம்பர் ஏற ஏற ஆழம், சூடு, பயம். அப்பாக்கள் இறங்கிய லெவலைச் சொல்லித்தான் அம்மாக்கள் விளக்கு வைப்பார்கள். உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போனால், “எத்தினாவது லெவல்ல கீறே?” என்பதுதான் இன்றைக்கும் நலம் விசாரிப்பு.

“நீங்க ஒன்பதுன்னு சொன்னீங்களே ஐயா?” என்றான் விக்ரம். குரல் இறங்கியிருந்தது.

“ஆமா. அந்தப் பையன்... பத்துக்குள்ள சொல்லுன்னான்.” மாமா மூச்சை வாங்கிக்கொண்டார். “ஏதோ சின்ன சுரங்கம் போல கீதுன்னு... ஒம்போது சொன்னேன்.”

“ஒம்போதா?” அத்தை திரும்பினாள். “அது அப்ப. இப்ப பதினொண்ணு. கரீட்டா சொல்லுயா, எய்திக்கினு போறாங்க.”

“பத்துதாம்மா மேக்ஸிமம்” என்றான் விக்ரம்.

“பத்தோட மூடிட்டீங்களா? இந்த ஆளு இறங்கினது தொண்ணூறு. அப்ப இவர நாங்க எங்க கொண்டும்போயி வெக்கறது?”

விக்ரம் டேப்லெட்டை மூடினான். வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நானும் போனேன். பாவமாக இருந்தது, ஆனால் அதை அவனிடம் காட்டி என் பேரைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

“ஒண்ணும் பிரச்சனை இல்ல குரு” என்றான் சட்டென்று தெளிந்து. “ரிவர்ஸ் பண்ணிடலாம். ஒரே கமாண்ட். ஒன்பதை ரெண்டாக்கு, எட்டை மூணாக்கு. டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடுவேன்.”

அந்த நேரத்தில் ரகு வந்தான். எங்கள் லைன் பையன், பெங்களூரில் டெலிவரி வேலை, லீவு நாளில் தன் அப்பாவை வேனுக்குக் கூட்டி வருவான். அவனையும் அந்த டீம் கேட்டிருந்தது. “ரகு, உன்னை எந்த லெவல்னு கேட்டாங்களே, நீ என்னா சொன்னே?” என்றேன்.

“எட்டுக்கா.” போனில் கேம் ஆடிக்கொண்டே சொன்னான். “செம்மயா போய்கினு கீது. பைக் வாங்கிட்டேன்.”

“எட்டுன்னா நல்லதா?”

“பின்ன? லெவல் ஏறினாத்தானக்கா கெத்து. இது கூடவா தெரியாது?”

விக்ரமின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதே கேள்வி, அதே எட்டு. அப்பாக்களுக்குக் குழி, பையன்களுக்கு மாடி. “அப்போ ஏஜ் வெச்சுப் பிரிச்சிடலாம்” என்றான் பலவீனமாக. நான் சரசா அத்தையைக் காட்டினேன். “அத்தை, நீங்க எத்தனைன்னு சொன்னீங்க?”

“நானா? அஞ்சு. நடுவுல கீறேன், சுரங்கத்துல ஆள எறக்கற கேஜு கெட்டுப்போயி நின்னுகினா மாரி. மேலயும் போவல, கீயயும் போவல.”

“இவங்களை எந்தப் பக்கம் திருப்புவே?” என்று விக்ரமைக் கேட்டேன். ஐந்தைத் திருப்பினால் பக்கத்து வீட்டு ஆறுதான் வரும் என்று வாய்க்குள் முணுமுணுத்தான். அது கணக்கு. கிளம்பும்போது அத்தை அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தான். முதல் தடவையாகச் சட்னி ஜோக் ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லச் சொல்ல ஸ்கேலைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். முடித்ததும் விக்ரம் பெரியவர்களின் நம்பரை மட்டும் திருப்பிப் போட்ட கணக்கைக் காட்டினான். வேன் இவ்வளவு நாள் வந்தும் முக்கால்வாசிப் பேர் அடியில்தான் கிடக்கிறார்கள் என்றது அது.

“இதை அனுப்பினா?” என்றேன்.

“பயனில்லாத திட்டம்னு நிறுத்திடுவாங்க” என்றார் சார்.

“முன்னாடி போட்டதை அனுப்பினா?”

“பயன் முடிஞ்சிடுச்சுன்னு நிறுத்திடுவாங்க.”

ஆராய்ச்சியின் மகிமையைப் பாருங்கள். ஆட்கள் நன்றாக இருந்தால் வண்டி போய்விடும், மோசமாக இருந்தாலும் வண்டி போய்விடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை டேப்லெட். வண்டி வராமல் போயிருந்தால் மாமா இந்நேரம் எங்கே இருந்திருப்பார் என்று கேட்க எங்கள் கேள்வித்தாளில் இடமில்லை. அது பேட்டியில்தான் இருந்தது. “மத்த நாளு நான் பம்பு” என்பதற்கு அர்த்தமே அதுதானே.

“எது உண்மையோ அதை எழுதலாம் சார்” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். “நாம ஒரு வார்த்தையை மாத்தினோம், அந்த வார்த்தைக்கு இங்க வேற அர்த்தம், அதனால அந்த நம்பரை எந்தப் பக்கமும் நம்ப முடியாது. பேச்சுல வர்றது மட்டும் தெளிவா இருக்கு. வேன் வர்ற நாள்ல மூச்சு இருக்கு, வராத நாள்ல இல்ல.”

“நம்ம தப்பை நாமளே பிரிண்ட் போட்டுக் குடுக்கறதா?” என்றான் விக்ரம். “அடுத்த புராஜெக்ட் எவன் குடுப்பான் சார்?”

சார் அவனைப் பார்த்துக் கோபப்படவே இல்லை. “மறைச்சா தப்பு. எழுதிட்டா அது ஃபைண்டிங்” என்றார். “அந்தப் பையன் பேரு மட்டும் வேண்டாம். அவன் நல்லாத்தான் யோசிச்சான். நாமதான் அந்த ஊர்ப் பொண்ணை டீம்ல வெச்சுக்கிட்டே, கேள்வியை அவகிட்ட காட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டோம்.” தன் சட்டத்தைத்தான் சொன்னார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

நான் எழுதினேன். வார்த்தை எப்படி மாறியது, ஏன் மாறியது, யாருக்கு எந்தப் பக்கம் உயரம், ஏன் திருப்ப முடியாது, எல்லாம். இட்லி வெந்ததே தப்பான பாத்திரத்தில் என்று விக்ரமே அவன் பகுதியில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தான், அவன் பாஷையில். முடிவுரை மட்டும் பாக்கி. வேனைப் பற்றி என்ன சொல்வது? நிறுத்தாதீர்கள் என்று எழுத எனக்குக் கை பரபரத்தது. “அதை எழுதினா கெஞ்சுற மாதிரி இருக்கும். போர்டுல கெஞ்சலைப் படிக்க மாட்டாங்க” என்றார் சார்.

பிறகு அவரே சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். “இந்த முடிவுகள் உறுதியற்றவை. உரிய கேள்வியை வடிவமைத்து, மேலும் ஆய்வு தேவை.”

எனக்கு எரிச்சல் வந்தது. உலகத்தில் எல்லா அறிக்கையும் இந்த வரியில்தான் முடிகிறது. யாரும் படிக்காத வரி. சோப்பு டப்பாவில் “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்று இருப்பது மாதிரி. “இவ்வளவு நடந்தும் கடைசியில இதுதானா சார்?” என்றேன்.

“அறக்கட்டளையோட நாம போட்ட ஒப்பந்தத்தை நீ முழுசாப் படிக்கல” என்றார். “ஆய்வு முடியற வரைக்கும் அந்த இடத்துல எதையும் மாத்தக் கூடாதுன்னு நான் ஒரு வரி போட்டு வெச்சேன். மாத்தினா டேட்டா கெட்டுடும்ல? அப்போ ஆராய்ச்சிக்காகப் போட்டது.” ஸ்கேலை டிராயரில் வைத்துப் பூட்டினார். “ஆய்வு முடியலைம்மா.”

போர்டு மீட்டிங் நடந்தது. அவர்களுக்கு மூச்சு வாங்குகிறவர்கள் மேல் இரக்கம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டேட்டா கெட்டுவிடும் என்றதும் பதறிப் போனார்களாம். வேன் அப்படியே ஓடட்டும், மறு ஆய்வு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறு ஆய்வுக்குப் பொறுப்பு நான். புதுக் கேள்வியை லைன் லைனாகப் போய்ச் சோதித்தேன். ஏணி போட்டேன், அரிசி வந்தது. மார்க் போட்டேன், “நான் ஸ்கூலுக்கே போனதில்லையே” என்றார்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம் படம் போட்டேன், “இது யாரு, உங்க சாரா?” என்றார்கள். முடியாமல் இருப்பதே ஒரு ஆய்வின் பயன் என்று ஆகிவிட்ட பிறகு அதில் பதவி உயர்வு எங்கிருந்து வரும்? ஹெச்.ஆர். வேலை கிடைத்தது, கேக் வெட்டினார்கள், கிளம்பிவிட்டேன். இப்போது விக்ரம் பார்த்துக்கொள்கிறான். ஜூனியர்களே, சந்தேகமிருந்தால் அவனைக் கேளுங்கள், இப்போதெல்லாம் கேள்வித்தாளை முதலில் அத்தையிடம் காட்டுகிறானாம்.

கிளம்புவதற்கு முன் வந்த வேன் நாளில் அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மாமா உள்ளே மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்.

“ரிசல்ட்டு வந்திச்சா?” என்றாள் அத்தை.

“இன்னும் இல்ல அத்தை. ஆராய்ச்சி நடந்துகினுதான் கீது, இனிமே விக்ரம் பாத்துக்குவான். அது முடியற வரைக்கும் வேனை எடுக்க மாட்டாங்க.”

அத்தை வேனைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் குனிந்து, நர்ஸ் காதில் விழாத குரலில் சொன்னாள்:

“அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டுப் போம்மா. நிதானமா செய்யட்டும். அவசரப்பட்டு கரீட்டா செஞ்சிடப் போறான்.”